துரோகி யார்? ஆங்கில உள்நாட்டுப் போர்க் காலச் சொற்களும் பழனி வட்டாரப் பாளையங்களும்

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வரலாற்றைத் தமிழில் படிக்கும் மாணவர் பெரும்பாலும் சொற்களில்தான் இடறுகிறார். நீள் நாடாளுமன்றம், எச்ச நாடாளுமன்றம், பொதுநல அரசு, காப்பாளர் ஆட்சி, மீட்சி, வட்டத்தலையர் என்ற பெயர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியலாகத் தோன்றுகின்றன. உண்மையில் இவை ஒவ்வொன்றும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு ஆண்டுகளில் தரப்பட்ட விடை. நாட்டின் மேலான அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி.

அந்தக் காலச் சொற்களுள் மிகக் கூர்மையானது ‘துரோகி’. அரசருக்கு எதிராகக் குற்றம் செய்தவரைக் குறித்த அந்தச் சொல், 1649இல் அரசரையே குறித்தது. 1660இல் அவரைத் தண்டித்தவர்களைக் குறித்தது. 1665இல் கடல் கடந்து சென்னைக் கோட்டையில் ஒலித்தது. 1801இல் அதே பொருளுடைய சொற்கள் பழனிக்கு அருகிலுள்ள விருப்பாட்சிப் பாளையக்காரர் மீது விழுந்தன. இக்கட்டுரை அந்தச் சொல்லின் பயணத்தைப் பின்தொடர்கிறது.

ஒரே காலத்து இரு அரசுகள்

இங்கிலாந்தில் முதலாம் சார்லசு 1625 முதல் 1649 வரை அரசராக இருந்தார். மதுரையில் திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டார். ஆகவே இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில் பழனியும் திண்டுக்கல்லும் திருமலை நாயக்கரின் ஆட்சியில் இருந்தன.

மதுரை நாயக்கர் ஆட்சியைத் தொடங்கிய விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தனர் என்பது மரபு. பாளையம் என்றால் படை தங்கும் இடம். அதன் தலைவர் பாளையக்காரர். ஆங்கிலேயர் வாயில் இது ‘போலிகர்’ எனத் திரிந்தது. இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள பாலசமுத்திரம், ஆயக்குடி, விருப்பாட்சி, இடையன்கோட்டை, கன்னிவாடி, நிலக்கோட்டை, அம்மையநாயக்கனூர் முதலிய ஊர்கள் பாளையத் தலைநகரங்களாக இருந்தவை.

பாளையக்காரர் தம் எல்லையில் வரி தண்டினார். அதில் ஒரு பங்கை மதுரைக்குச் செலுத்தினார், ஒரு பங்கில் படை வைத்தார், எஞ்சியதைத் தமக்கு வைத்துக்கொண்டார். மதுரை அழைத்தால் படையுடன் செல்வது அவர் கடமை. ஊர்க் காவலும் அவர் பொறுப்பு. களவு போன பொருளை மீட்டுத் தர வேண்டும், இயலாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும் என்பது காவல் முறையின் வழக்கம். இந்த உறவில் இரு தரப்புக்கும் கடமை இருந்தது. ஆனால் பாளையக்காரர்கள் கூடி நாயக்கரின் வரியை ஏற்கவோ மறுக்கவோ செய்யும் நிலையான மன்றம் எதுவும் இல்லை. இங்கிலாந்துடன் ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

திருமலை நாயக்கரின் நிலையும் கவனிக்கத்தக்கது. பெயரளவில் அவர் விசயநகரப் பேரரசருக்குக் கட்டுப்பட்டவர். 1642இல் பட்டமேறிய மூன்றாம் சிரீரங்கராயர் தென்னாட்டு நாயக்கர்களை மீண்டும் அடக்க முயன்றபோது, திருமலை நாயக்கர் பேரரசருக்கு எதிராகத் தக்காணச் சுல்தான்களின் உதவியை நாடினார். பேரரசர் பார்வையில் அது துரோகம். மதுரையின் பார்வையில் அது தற்காப்பு. அதே 1642இல் இங்கிலாந்திலும் அரசரும் அவருடைய குடிகளும் போர்க்களத்தில் எதிரெதிரே நின்றனர்.

முடி, இறை, மன்றம்

அந்தப் போருக்குள் செல்லுமுன் சில சொற்களை விளங்கிக்கொள்வது நல்லது.

‘முடியாட்சி’ என்பதில் உள்ள முடி, மன்னர் தலையில் சூடும் மகுடம். ஆங்கிலச் சட்ட மொழியிலும் ‘மகுடம்’ என்ற சொல் அரசரின் அதிகாரம் முழுவதையும் குறிக்கிறது. தமிழில் ‘இறை’ என்ற ஒரே சொல் கடவுளையும் அரசரையும் அரசருக்குச் செலுத்தும் வரியையும் குறித்தது. ‘கோயில்’ என்பது அரசர் இல்லத்துக்கும் கடவுள் இல்லத்துக்கும் பொதுவான சொல்லாக இருந்தது. இங்கிலாந்தின் ஸ்டூவர்ட்டு மரபு அரசர்கள் ‘தெய்வீக உரிமைக் கோட்பாடு’ என்று வாதிட்டதும் இதற்கு நெருங்கிய கருத்தே. அரசர் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவர், குடிகளுக்கு அல்ல என்பது அக்கோட்பாடு. சார்லசின் தந்தை முதலாம் ஜேம்சு இதை நூலாகவே எழுதினார்.

ஆங்கிலத்தில் நாடாளுமன்றத்தைக் குறிக்கும் ‘பார்லிமெண்டு’ என்ற சொல் ‘பேசு’ எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. அரசர் தம் குடிகளில் முதன்மையானவர்களை அழைத்துப் பேசிய கூட்டம் அது. பிரபுக்கள் அவை, மக்களவை என அதற்கு இரண்டு அவைகள். அதைக் கூட்டுவதும் கலைப்பதும் அரசர் விருப்பம். ஆனால் புதிய வரி விதிக்க அதன் இசைவு வேண்டும் என்பது நீண்ட கால வழக்கம். போருக்கான வித்து இந்த ஒரு வழக்கில் இருந்தது.

இன்னொரு கருத்தும் தேவை. ஆங்கிலச் சட்ட அறிஞர்கள் அரசருக்கு இரண்டு உடல்கள் உண்டு என்றனர். ஒன்று பிறந்து இறக்கும் மனித உடல். மற்றொன்று என்றும் அழியாத ஆட்சி உடல். பழனி மலையில் ஒரே மூர்த்தியை ஆண்டிக் கோலத்திலும் இராச அலங்காரத்திலும் தரிசித்தவருக்கு, ஒருவருக்கு இரு கோலங்கள் இருக்கலாம் என்பது புதிதாகத் தோன்றாது. ஆனால் இங்கிலாந்தில் அந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதின.

வரியில் தொடங்கிய சண்டை

சார்லசுக்குப் போர்ச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. நாடாளுமன்றம் 1628இல் ‘உரிமை மனு’வை முன்வைத்தது. நாடாளுமன்ற இசைவின்றி வரி கூடாது, காரணம் காட்டாமல் சிறை கூடாது என்பவை அதன் முக்கியக் கோரிக்கைகள். சார்லசு அதை ஏற்றார். மறு ஆண்டே நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு 1640 வரை 11 ஆண்டுகள் அதைக் கூட்டாமலே ஆண்டார்.

அந்த ஆண்டுகளில் அவர் பழைய வழக்கங்களைத் தோண்டியெடுத்துப் பணம் திரட்டினார். அவற்றுள் புகழ்பெற்றது ‘கப்பல் வரி’. போர்க் காலத்தில் கடற்கரை ஊர்கள் அரசருக்குக் கப்பல் தர வேண்டும் என்பது பழைய வழக்கம். சார்லசு அதைப் பண வரியாக்கி, 1635இல் கடலே இல்லாத உள்நாட்டு மாவட்டங்களுக்கும் விரித்தார். ஜான் ஹாம்டன் என்ற நிலக்கிழார் தம் பங்கான 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்து வழக்காடினார். 12 நீதிபதிகளில் 7 பேர் அரசர் பக்கமும் 5 பேர் ஹாம்டன் பக்கமும் தீர்ப்பளித்தனர். வழக்கில் தோற்ற ஹாம்டன் நாடெங்கும் பெயர் பெற்றார்.

கிழக்கிந்தியக் கம்பெனியும் இந்தப் பண நெருக்கடியில் சிக்கியது. 1640இல் சார்லசு கம்பெனியிடமிருந்து 60,000 பவுனுக்கு மேல் மதிப்புள்ள மிளகைக் கடனாக வாங்கி, உடனே ரொக்கத்துக்கு விற்றார். கிழக்கிலிருந்து வந்த மிளகு அரசரின் கைச்செலவுக்குப் போயிற்று.

ஸ்காட்லாந்தில் புதிய வழிபாட்டு நூலைத் திணிக்க முயன்றதால் அங்கே போர் மூண்டது. வேறு வழியின்றிச் சார்லசு 1640இல் இருமுறை நாடாளுமன்றத்தைக் கூட்டினார். முதலாவது சில வாரங்களில் கலைக்கப்பட்டதால் அது ‘குறு நாடாளுமன்றம்’. நவம்பரில் கூடிய இரண்டாவது, ‘நீள் நாடாளுமன்றம்’ எனப் பெயர் பெற்றது. 1642 ஜனவரி 4 அன்று அரசர் வீரர்களுடன் மக்களவைக்குள் நுழைந்து ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய முயன்றார். ஹாம்டன் அவர்களில் ஒருவர். ஐவரும் முன்பே தப்பிவிட்டனர். அன்று முதல் சமரசத்துக்கு இடம் குறைந்துகொண்டே வந்தது.

போரும் கட்சிப் பெயர்களும்

1642 ஆகஸ்ட் 22 அன்று சார்லசு நாட்டிங்ஹாமில் தம் போர்க்கொடியை ஏற்றினார். ஆகஸ்ட் 22ஐச் சென்னைவாசிகள் வேறொரு காரணத்துக்காக அறிவர். 1639இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடமிருந்து கம்பெனி சென்னை நிலத்தைப் பெற்றதன் நினைவாகச் சென்னை நாள் கொண்டாடப்படுவது அதே தேதியில்தான். சென்னை நிலம் கம்பெனியின் கைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆனபோது, அங்கே கோட்டை கட்டியவர்களின் தாய்நாடு இரண்டாகப் பிளந்திருந்தது.

அரசர் கட்சியினருக்குக் ‘கவலியர்’ என்று பெயர். குதிரை வீரர் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து எதிரிகள் இட்ட இகழ்ச்சிப் பெயர் அது. நாடாளுமன்றக் கட்சியினரை அரசர் தரப்பினர் ‘வட்டத்தலையர்’ என்றனர். லண்டன் தொழிற்பயிற்சி இளைஞர்கள் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்ததைக் கேலி செய்த பெயர் இது. தேவாலயத்தில் ஆடம்பரச் சடங்குகளை நீக்கித் தூய்மைப்படுத்த வேண்டும் என்றவர்கள் ‘தூய்மைவாதிகள்’. வட்டத்தலையர் பலர் தூய்மைவாதிகளாக இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. ஒன்று போரில் நின்ற பக்கம், மற்றொன்று சமயக் கொள்கை.

நாடாளுமன்றப் படை தொடக்கத்தில் அரசருக்கு எதிராகப் போரிடுவதாகச் சொல்லவில்லை. ‘அரசருக்கும் நாடாளுமன்றத்துக்குமாக’ப் போரிடுவதாகவே சொன்னது. அரசர் என்ற பதவியைத் தவறான ஆலோசகர்களிடமிருந்தும், தேவையானால் அரசர் என்ற மனிதரிடமிருந்தும் காப்பதே தங்கள் பணி என்று அவர்கள் வாதிட்டனர். முன்பு சொன்ன இரண்டு உடல்களும் இங்கே எதிரெதிர் அணியில் நின்றன.

1644இல் மார்ஸ்டன் மூர், 1645இல் நேஸ்பி ஆகிய களங்களில் அரசர் படை முறியடிக்கப்பட்டது. 1645இல் அமைக்கப்பட்ட ‘புது மாதிரிப் படை’யும் அதன் குதிரைப்படைத் தலைவர் ஆலிவர் கிராம்வெல்லும் வெற்றிக்கு முக்கியக் காரணம். 1646இல் அரசர் ஸ்காட்லாந்துப் படையிடம் சரணடைந்தார். 1648இல் மீண்டும் போர் மூண்டு, மீண்டும் அவர் பக்கம் தோற்றது.

அரசர் துரோகி ஆனார்

1648 டிசம்பரில் படைத்தளபதி பிரைடு, அரசருடன் பேச்சு நடத்த விரும்பிய உறுப்பினர்களை மக்களவைக்குள் நுழையவிடாமல் தடுத்தார். எஞ்சியவர்களைக் கொண்டு நடந்தது ‘எச்ச நாடாளுமன்றம்’. அது அரசரை விசாரிக்கத் தனி நீதிமன்றம் ஒன்றை அமைத்தது.

1351ஆம் ஆண்டுச் சட்டப்படி துரோகம் என்பது அரசருக்கு எதிரான குற்றம். அப்படியானால் அரசர் எப்படித் துரோகி ஆக முடியும்? குற்றப்பத்திரிகை அவரைக் கொடுங்கோலர், துரோகி, கொலைகாரர், நாட்டின் பொது எதிரி என்றது. அதன் அடியில் ஒரு புதிய கருத்து இருந்தது. அரசருக்கு அதிகாரத்தைக் கொடுத்தவர்கள் மக்கள். அதைக் கொண்டு அந்த மக்கள் மீதே போர் தொடுத்தவர், தமக்கு மேலான ஒன்றுக்குத் துரோகம் செய்தவர் ஆகிறார்.

1649 ஜனவரி 20 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை தொடங்கியது. சார்லசு குற்றத்தை மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. எந்த அதிகாரத்தின் பேரில் என்னை இங்கே கொண்டு வந்தீர்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அது வலிமையான கேள்வி. படையால் வடிகட்டப்பட்ட ஒரு மன்றம் மக்கள் பெயரால் பேச முடியுமா என்ற ஐயம் அன்றே பலருக்கு இருந்தது. ஆனாலும் 59 பேர் கையெழுத்திட்ட மரண ஆணைப்படி ஜனவரி 30 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. சில வாரங்களில் அரச பதவியும் பிரபுக்கள் அவையும் ஒழிக்கப்பட்டன. இங்கிலாந்து ‘பொதுநல அரசு’ என அறிவிக்கப்பட்டது.

1653 டிசம்பரில் கிராம்வெல் ‘காப்பாளர்’ ஆனார். 1657இல் அவருக்கு மகுடமே தரப்பட்டபோது மறுத்துவிட்டார். அதே ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் புதிய பட்டயம் வழங்கினார். 1658இல் அவர் இறந்தார். மகன் ரிச்சர்டால் ஆட்சியைத் தாங்க முடியவில்லை.

மீட்சியில் புரண்ட பொருள்

1660 மே மாதம் சார்லசின் மகன் இரண்டாம் சார்லசு அரியணைக்கு அழைக்கப்பட்டார். இதுவே ‘மீட்சி’. தந்தையின் மரண ஆணையில் கையெழுத்திட்டவர்கள் இப்போது ‘அரசக் கொலையாளிகள்’. அவர்களில் பிடிபட்ட சிலர் துரோகிகளாக விசாரிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். 1661 ஜனவரி 30 அன்று, முதலாம் சார்லசு தலை வெட்டப்பட்ட அதே நாளில், கிராம்வெல்லின் பிணம் தோண்டியெடுக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டது. தலை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் மேல் குத்தி வைக்கப்பட்டது.

பன்னிரண்டே ஆண்டுகளில் துரோகி என்ற சொல் முழுவட்டம் சுற்றிவிட்டது. ஆனால் நிலைமை பழையபடி ஆகிவிடவில்லை. துரோகம் யாருக்கு எதிரானது என்ற கேள்வி ஒருமுறை கேட்கப்பட்டுவிட்டது. 1688இல் இரண்டாம் ஜேம்சு நாட்டை விட்டு ஓடியபோதும், 1689இல் ‘உரிமைச் சட்டம்’ இயற்றப்பட்டபோதும் அக்கேள்விக்கு உறுதியான விடை கிடைத்தது. நாடாளுமன்ற இசைவின்றி வரி விதிக்கவோ, அமைதிக் காலத்தில் படை வைத்திருக்கவோ அரசரால் இனி முடியாது.

சென்னைக் கோட்டையில் எதிரொலி

இந்தச் சண்டையின் எச்சம் தமிழ்நாட்டிலும் வெடித்தது. 1665இல் புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்தவர் சர் எட்வர்ட் வின்டர். அவருடைய கணக்கு வழக்குகளில் கம்பெனிக்கு ஐயம் எழுந்ததால், அவருக்குப் பதிலாக ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்ட் அனுப்பப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் வின்டர் தம் ஆதரவாளர்களுடன் புதிய தலைவரைத் தாக்கிச் சிறைப்பிடித்தார். மோதலில் கம்பெனி அலுவலர் ஒருவர் உயிரிழந்தார்.

வின்டர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. ஃபாக்ஸ்கிராஃப்டும் அவர் மகனும் அரசருக்கு எதிராகத் துரோகப் பேச்சுப் பேசினர் என்பது குற்றச்சாட்டு. கம்பெனி தம்மைப் பதவியிலிருந்து நீக்கலாம், ஆனால் தாம் அரசரின் பெயரால் கோட்டையைக் காப்பதாக வின்டர் நடந்துகொண்டார். லண்டனுக்குச் செய்தி போய்ப் பதில் வர மாதக் கணக்கில் ஆகும் காலம் அது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஃபாக்ஸ்கிராஃப்ட் சிறையில் இருந்தார். அரசரின் ஆணையுடன் கப்பல்கள் வந்த பிறகு 1668 ஆகஸ்டில்தான் கோட்டை அவரிடம் திரும்பியது.

இங்கிலாந்தில் தீர்ந்துவிட்டதாகக் கருதப்பட்ட சண்டையின் சொற்கள் சோழமண்டலக் கரையில் ஒரு பதவிச் சண்டைக்கு ஆயுதமாயின. அரசருக்கு விசுவாசம் என்று சொல்லிவிட்டால், மேலதிகாரியையே சிறையில் தள்ளலாம் என்ற நிலை இருந்தது.

பட்டயத்திலிருந்து பழனி வரை

இரண்டாம் சார்லசு 1661இல் கம்பெனிக்குக் கொடுத்த பட்டயம், கிறித்தவரல்லாத அரசர்களுடன் போரும் அமைதியும் செய்துகொள்ளும் அதிகாரத்தை அதற்கு வழங்கியது. தம் குடியேற்றங்களில் ஆங்கிலச் சட்டப்படி நீதி வழங்கும் அதிகாரமும் கிடைத்தது. பட்டயம் என்பது அரசர் தம் அதிகாரத்தின் ஒரு பகுதியை ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கும் ஆவணம். உள்நாட்டில் நாடாளுமன்றம் அரசரின் போர் அதிகாரத்தைக் கட்டிப்போட்ட அதே நூற்றாண்டில், கடல் கடந்த வணிகர்களுக்கு அந்த அதிகாரம் தாராளமாகக் கிடைத்தது.

இதற்கிடையே பழனி வட்டாரம் பல கை மாறியது. 1736இல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தது. பின்னர் திண்டுக்கல் மைசூரின் கைக்குச் சென்றது. 1755இல் ஐதர் அலி திண்டுக்கல் பௌசுதாராக வந்தார். அங்கிருந்துதான் அவருடைய வளர்ச்சி தொடங்கியது. 1783இல் ஆங்கிலேயர் திண்டுக்கல்லைப் பிடித்தனர், 1784இல் திப்புவிடம் திருப்பிக் கொடுத்தனர், 1790இல் மீண்டும் பிடித்தனர். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு தம் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் இழந்தார். அந்தப் பாதியில் திண்டுக்கல்லும் பழனியும் அடங்கின.

சீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தானபோது பாலசமுத்திரத்திலோ, ஆயக்குடியிலோ, விருப்பாட்சியிலோ யாரையும் யாரும் கேட்கவில்லை. நேற்றுவரை மைசூருக்குச் செலுத்திய கப்பத்தை இனிக் கம்பெனிக்குச் செலுத்த வேண்டும் என்பதே பாளையக்காரர்களுக்கு வந்த செய்தி. கப்பத்துக்கு அன்றைய ஆட்சி மொழியில் ‘பேஷ்கஷ்’ என்று பெயர். பாரசீகத்தில் அதற்கு முன்னால் வைக்கும் காணிக்கை என்பது பொருள். மைசூர்க் காலத்திலும் பாளையக்காரர்கள் நெருக்குதலுக்கு உள்ளானவர்களே. ஆனால் கம்பெனி கப்பத்தோடு நிற்கவில்லை. நிலங்களை அளந்தது, காவல் உரிமைகளில் கைவைத்தது. காணிக்கையாகக் கொடுத்தது கணக்கில் வரும் கடனாக மாறியது.

கடலே பார்க்காத மாவட்டத்துக்குக் கப்பல் வரி விதித்ததை எதிர்த்த ஹாம்டனின் கேள்வி இங்கேயும் பொருந்தும். எங்கள் இசைவு இல்லாமல் எங்கள் மீது இந்த வரி எப்படி விழுந்தது? 20 ஷில்லிங்குக்காக 12 நீதிபதிகள் முன் வாதாடும் வாய்ப்பு ஹாம்டனுக்கு இருந்தது. பாளையக்காரருக்கு அப்படி ஒரு மன்றம் இல்லை.

விருப்பாட்சி, 1800–1801

ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் இடையே, மலை வாழைக்குப் பெயர்பெற்ற விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால் நாயக்கர். 1772இல் காளையார்கோயில் போரில் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியாருக்கு இப்பகுதியில் அடைக்கலம் தந்தவர்களுள் ஒருவராக அவர் அறியப்படுகிறார். 1799 அக்டோபரில் வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பிறகு, எதிர்ப்பு அடங்குவதற்கு மாறாகப் பரவியது. திண்டுக்கல் கூட்டணிக்குக் கோபால் நாயக்கர் தலைமை தாங்கினார். சிவகங்கையின் மருது சகோதரர்கள், மலபாரின் கேரளவர்மா, மைசூர்ப் பகுதியின் துந்தாஜி ஆகியோருடன் தொடர்பு ஏற்பட்டது.

1800 ஏப்ரலில் விருப்பாட்சியில் கூடிய கூட்டம், ஜூன் மாதம் கோயம்புத்தூரிலுள்ள கம்பெனிப் படைமுகாமைத் தாக்குவது என முடிவு செய்தது. அத்திட்டம் தோற்றது. பிடிபட்டவர்களில் பலர் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் துந்தாஜி போரில் கொல்லப்பட்டார். 1801இல் கோபால் நாயக்கர் பிடிபட்டு, செப்டம்பரில் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். அந்த இடம் இன்று கோபாலசமுத்திரம் எனப்படும் குளக்கரை என்பது வழக்கு. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பரில் ஆளுநர் எட்வர்ட் கிளைவின் அறிக்கை பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது.

கம்பெனிப் பதிவுகள் இவர்களைக் கிளர்ச்சிக்காரர்கள் என்றன. கிளர்ச்சி என்ற சொல்லுக்கு முன்பே ஒப்புக்கொண்ட ஒரு மேலதிகாரம் தேவை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு தலைநகரில் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையைத் தவிர, விருப்பாட்சி மீது கம்பெனிக்கு வேறு என்ன உரிமை இருந்தது? எந்த அதிகாரத்தின் பேரில் என்று வெஸ்ட்மின்ஸ்டரில் ஓர் அரசர் கேட்ட கேள்வியைக் கேட்க இவர்களுக்கும் நியாயம் இருந்தது.

மறுதரப்பும் பேசாமல் இல்லை. 1801 ஜூன் 16 அன்று சின்ன மருது வெளியிட்டு, திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயிலிலும் ஒட்டப்பட்ட சம்புத் தீவு அறிக்கை, துரோகிப் பட்டத்தைத் திருப்பிப் போட்டது. நவாப் இடம் கொடுத்தார், ஐரோப்பியர் நம்பிக்கையை முறித்து நாட்டைத் தமதாக்கிக்கொண்டனர் என்பது அதன் குற்றச்சாட்டு. அது எல்லாச் சாதியினரையும் விளித்துப் பேசியது. அரசருக்கு எதிரான குற்றம் என்பதிலிருந்து, மண்ணுக்கும் மக்களுக்கும் எதிரான குற்றம் என்பதற்குத் துரோகத்தின் பொருளை அது நகர்த்தியது.

லண்டன் இவற்றை அறியாமல் இல்லை. ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785இல் நாடாளுமன்றத்தில் நீண்ட உரை நிகழ்த்தினார். 1788இல், முதலாம் சார்லசு விசாரிக்கப்பட்ட அதே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வாரன் ஹேஸ்டிங்சு மீது விசாரணை தொடங்கியது. 1795இல் அவர் விடுதலையானார். ஆளுநரை விசாரிக்க ஏழு ஆண்டுகள் செலவிட்ட அமைப்பு, பாளையக்காரர்களின் வழக்கைப் போர்க்களத் தளபதிகளிடம் விட்டுவிட்டது.

முக்கியச் சொற்கள்

தெய்வீக உரிமை: அரசர் கடவுளுக்கு மட்டுமே பொறுப்பானவர் என்ற கோட்பாடு.

பட்டயம்: அரசர் தம் அதிகாரத்தின் பகுதியை நிறுவனத்துக்கோ ஊருக்கோ எழுதிக் கொடுக்கும் ஆவணம்.

நீள் நாடாளுமன்றம்: 1640 நவம்பரில் கூடியது. 1648க்குப் பின் எஞ்சிய பகுதி எச்ச நாடாளுமன்றம்.

பொதுநல அரசு: 1649இல் அமைந்த, அரசர் இல்லாத ஆட்சி. இன்றைய காமன்வெல்த் நாடுகள் அமைப்புக்கும் இதே ஆங்கிலப் பெயர்தான், ஆனால் இரண்டும் வேறு.

காப்பாளர்: 1653 முதல் கிராம்வெல் வகித்த பதவி.

மீட்சி: 1660இல் முடியாட்சி திரும்பியது.

பாளையம், காவல், பேஷ்கஷ்: பாளையக்காரரின் படைநிலம், பாதுகாப்புக் கடமை, மேலரசுக்குச் செலுத்திய கப்பம்.

சொல் இன்னும் முடியவில்லை

1908இல் தூத்துக்குடிக் கப்பலோட்டிய வ.உ.சிதம்பரனார் அரச நிந்தனைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 124அ பிரிவு அதற்குப் பயன்பட்டது. சட்டப்படி அமைந்த அரசின் மீது வெறுப்பை உண்டாக்குவது குற்றம் என்றது அது. விடுதலைக்குப் பின்னும் அப்பிரிவு நீடித்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் அதன் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. 2024 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், நாட்டின் இறையாண்மைக்கு எதிரான செயல்கள் என்ற வேறு சொற்களில் குற்றம் வரையறுக்கப்பட்டுள்ளது. அரசர் போய் இறையாண்மை வந்திருக்கிறது. ‘இறை’ என்ற பழைய சொல் அதற்குள்ளும் இருக்கிறது. அந்த இறை யார் என்று கேட்டால், மக்களாட்சியில் அதற்கு விடை மக்கள்.

பிணமாகத் தூக்கிலிடப்பட்ட கிராம்வெல்லுக்கு 1899இல் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னாலேயே சிலை வைக்கப்பட்டது. அயர்லாந்தில் அவர் படை செய்த படுகொலைகளை மறவாதவர்கள் அன்றே அதை எதிர்த்தனர். கிளர்ச்சிக்காரராகத் தூக்கிலிடப்பட்ட கோபால் நாயக்கர் இன்று விடுதலைப் போராட்ட வீரராகப் போற்றப்படுகிறார். ஆகவே வரலாற்று நூலில் துரோகி, கிளர்ச்சிக்காரர், விசுவாசி என்ற சொற்களைக் காணும் மாணவர் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். யாருக்குத் துரோகம்? அந்த யாருக்கோ அதிகாரத்தைக் கொடுத்தது யார்? வெஸ்ட்மின்ஸ்டருக்கும் விருப்பாட்சிக்கும் இந்த இரண்டு கேள்விகளும் பொது.